லோலாதஷ்டில் மண் உட்கார்ந்தபோது

சனோபர் அக்கா மண்ணை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். உப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அதுதான் சுருக்கமான வழி என்பாள். பரிசோதனைக்கூடத்திலிருந்து முடிவு வர மாதக்கணக்காகும். நாக்கு உடனே சொல்லிவிடும். அவளுடைய லாரியை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். மண் அளவைக் குழு என்று எங்களுக்குப் பெயர். குழு என்றால் அவள், நான், குழி வெட்ட அந்தந்த இடத்தில் கிடைக்கிற இரண்டு ஆட்கள். அவ்வளவுதான்.

அக்கா மலையில் பிறந்தவள். எப்படிப்பட்ட மலை என்றால், அவள் ஊரில் வயல் என்று ஒன்று இயற்கையாகக் கிடையாது. ஆற்றங்கரையிலிருந்து கூடையில் மண்ணைச் சுமந்து ஏறி, பாறை மேல் கொட்டி, சுற்றிலும் கல் அடுக்கி, அதில் ஒரு கட்டிலளவு பார்லி விதைப்பார்கள். ஒரு பெருமழை வந்தால் வயல் ஆற்றுக்கே திரும்பிப் போய்விடும். மறுபடி கூடை. பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டில் எத்தனை ஆடு என்று கேட்பதைவிட, மண் எத்தனை விரல் ஆழம் என்றுதான் கேட்பார்களாம்.

அப்படிப்பட்டவள் படித்துப் பட்டம் வாங்கி, நகரத்தில் ஒரு பள்ளி ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொண்டு, ஒரு பெண்ணையும் பெற்று, வருஷத்தில் பாதி நாள் என் லாரியில் அலைந்தாள். லோலாதஷ்ட் என்ற சமவெளியில் முதல் குழி வெட்டிய அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆட்கள் தலை மறையும் ஆழம் வெட்டியும் ஒரு கூழாங்கல் தட்டுப்படவில்லை. அக்கா உள்ளே இறங்கினாள். வெகுநேரம் சத்தமே இல்லை.

"அக்கா, தூங்கிட்டியா?" என்று மேலிருந்து கேட்டேன்.

"துர்தி, இங்க வாடா. இதப் பாரு. கத்தி வெச்சு வெட்டின மாதிரி நிக்குது செவுரு. ஒரு பொட்டுகூடச் சரியல."

நானும் இறங்கினேன். வெளிர் மஞ்சளும் சாம்பலும் கலந்த மண். விரலால் தேய்த்தால் மாவு. உற்றுப் பார்த்தால், ரொட்டியைப் பிய்த்தால் தெரியுமே, அதுபோல நுண்ணிய ஓட்டைகள். பழைய புல்வேர்கள் போன வழி என்றாள். சின்னப் புட்டியிலிருந்து அமிலத்தைச் சொட்டினாள், நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்பு நிறைய. நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்பு இல்லை. கிணறு துளைக்க வந்தவர்கள் பனைமர ஆழம் போயும் இதே மண்தான் என்று சொல்லியிருந்தார்கள். காற்று ஆயிரக்கணக்கான வருஷமாகக் கொண்டுவந்து கொட்டிய மண்.

"எங்க அப்பா இதப் பாத்திருந்தா அழுதிருப்பாரு" என்றாள். கண் கலங்கியிருந்தது அவளுக்குத்தான்.

அந்த வருஷமும் அடுத்த வருஷமும் லோலாதஷ்ட் முழுக்க நடந்தோம். மலையடிவாரத்தில் ஆரம்பித்து, மேசை போலப் பரந்து, கடைசியில் ஓர் ஆழமான வறண்ட ஓடையின் விளிம்பில் முடிகிற சமவெளி அது. வசந்தத்தில் இரண்டு வாரம் சிவப்பாகத் துலிப் பூத்துக் கிடக்கும். அப்புறம் வருஷம் முழுக்கப் பழுப்பு. அங்கங்கே தரை லேசாகக் குழிந்திருக்கும், யாரோ பெரிய சாப்பாட்டுத் தட்டுகளைப் பரப்பி வைத்தது போல. ஆட்டுக்காரர்கள் அவற்றைத் 'தட்டு' என்றே சொன்னார்கள். பனி உருகினால் அதில் கொஞ்சம் தண்ணீர் தேங்கும், புல் நன்றாக வரும். அக்கா அவற்றையெல்லாம் சின்ன வட்டங்களாக வரைந்துகொண்டாள்.

மழைக் கணக்குக்கு ஃபைனாவிடம் போவோம். சமவெளியின் ஓரத்தில் வானிலை நிலையத்தைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த தாத்தார் இனத்துப் பெண்மணி. சிகரெட்டைக் கையில் வைத்துக்கொண்டேதான் பேசுவாள்.

"மழையா? வருஷத்துக்கு ஒரு சாண். அதுவும் குளிர் முடியுற சமயத்துல. மத்த நாள் நான் வெயிலத்தான் அளந்துட்டு உக்காந்திருக்கேன்" என்று சிரிப்பாள்.

எல்லாவற்றையும் சேர்த்து அக்கா எழுதினாள்: வெளிர் சாம்பல் நிலம், ஆழம் மிக்கது, உப்பற்றது, சரிவு குறைவு, தண்ணீர் மட்டும் கிடைத்தால் பருத்திக்கு முதல் தரம். அச்சாகி வந்த வரைபடத்தில் லோலாதஷ்ட் ஒரே நிறத்தில் பளிச்சென்று இருந்தது. அதைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்தாள்.

பிறகு மலையைக் குடைந்து தண்ணீர் வரப்போகிறது என்றார்கள். கூடவே மலையூர்களைக் காலி செய்து மக்களைக் கீழே கொண்டுவரும் வேலையும் ஆரம்பித்தது. விருப்பம் கேட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அக்காவின் ஊர் தொலைவில் இருந்ததால் அங்கே கட்டாயம் இன்னும் எட்டவில்லை. அவளாகத்தான் போனாள். தம்பி பரோத்தை அழைத்து வர.

பரோத்துக்கு அப்போது முப்பது வயதிருக்கும். ஓங்குதாங்கான ஆள், பேச்சில் நக்கல். வாதுமை மரத்தடியில் எங்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னான்: "அக்கா, கல்லுல பொறந்தவன் நான். கல்லு என்னை ஏமாத்தாது."

"ஏமாத்தாதுதான். சோறும் போடாது. கல்லத் தின்பியா?"

"பல்லு நல்லாத்தான் இருக்கு."

"உன் பிள்ளைங்களுக்குப் பால்பல்லு விழுந்துட்டு இருக்கு. அதுங்க எதத் தின்னும்? டேய், அங்க மண்வெட்டி முழுசா இறங்கும்டா. ஒரு கல்லு இடறாது. குச்சிய நட்டா மரமாகும். நானே தோண்டிப் பாத்தது."

பரோத்தின் மனைவி ரைஹோன் அதுவரை பேசாமல் ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்தாள். "நாத்தனாரு, நீங்க சொன்னா நான் வர்றேன். இவரு வேணும்னா பாறையக் கட்டிப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கட்டும்" என்றாள். அதோடு முடிந்தது பேச்சு. இலையுதிர் காலத்தில் என் லாரியில்தான் சட்டி பெட்டியெல்லாம் இறங்கியது.

வரிசையாக வீடுகள் கட்டினார்கள். அந்த மண்ணையே அறுத்து வெயிலில் காயவைத்த கற்கள். பரோத்துக்கு மடை திருப்புகிற வேலை கிடைத்தது. மலையில் துளித்துளியாகத் தண்ணீரைப் பங்கிட்டுப் பழகியவன், இதில் கெட்டிக்காரன்.

தண்ணீர் வந்த நாள் மறக்க முடியாது. கூட்டுப்பண்ணைத் தலைவர் ஹோல்மிர்சாவை எல்லாரும் ராயிஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வாய்க்காலில் தொப்பியால் மொண்டு தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டார். ஆடுகள் அறுத்துப் பெரிய அண்டாக்களில் புலாவ் வெந்தது. சிலர் முழங்கால் தண்ணீரில் நின்று அழுதார்கள். அக்கா பரோத்தின் தோளைத் தட்டி, "இப்பச் சொல்லு" என்றாள். அவன் வாய் நிறையப் புலாவுடன் தலையை மட்டும் ஆட்டினான்.

கொஞ்ச நாளில் பரோத் எங்களைத் தேடி வந்தான். முகத்தில் நக்கல் இல்லை.

"அக்கா, தலைமடையில விடுற தண்ணி கடைமடைக்குப் போய்ச் சேர மாட்டேங்குது. பாதி வழியில காணாமப் போகுது."

"தாகம்டா அதுக்கு. எத்தனையோ காலத்துத் தாகம். குடிச்சு முடிக்கட்டும், விடு."

விட்டான். இன்னும் கொஞ்சம் அதிகமாகவே விட்டான். பருத்தி முளைத்தது, தழைத்தது. ராயிஸ் மீசையை முறுக்கினார். கோடை ஏறிய சமயம் பரோத் வீட்டுக் கதவு சாத்த வரவில்லை. பக்கத்து வீட்டிலும் அப்படித்தான். மரம் ஊதியிருக்கும் என்று சீவிவிட்டார்கள். பிறகு தெருவில் ஒரு விரிசல். நேராக இல்லை, வளைந்து, வாய்க்காலை மையமாக வைத்துக் கவராயத்தால் கீறியது போல. அதைச் சொல்லி அனுப்பியதும் அக்கா புறப்பட்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலைத் தேநீர் வேளை. ரைஹோன் வாசலில் தந்தூர் அடுப்பில் ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பரோத் வயலின் கோடியில் மண்வெட்டியோடு நின்று எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினான். அக்காவும் கையை உயர்த்தினாள்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல? இடிச் சத்தம் இல்லை. ஒரு பெரிய மிருகம் படுக்கும்போது மூச்சு விடுமே, அப்படி. உயர்த்திய கை உயர்ந்தபடியே பரோத் இறங்கிப் போனான். அவன் நின்ற இடத்தில் தூசி மட்டும் எழுந்தது. அக்காவின் கை இன்னும் மேலேயேதான் இருந்தது. அவளுக்கு நடந்தது புரியவில்லை. எனக்கும்தான். பகல் வெளிச்சத்தில், நூறு எட்டு தூரத்தில், ஓர் ஆள் இல்லாமல் போய்விட்டான்.

ஓடினோம். ஓடும்போதே பின்னால் ரைஹோன் அலறுவது கேட்டது. அவள் முன்னாலிருந்த தந்தூர், உள்ளே ஒட்டிய ரொட்டிகளோடு சாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுச் சுவர் மேலிருந்து கீழே வாய் பிளந்தது. வரிசை முழுக்கச் சனங்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

பரோத் விழுந்தது கிணறு போல ஒரு பொந்து. இரண்டு ஆள் ஆழத்தில் மார்பு வரை சேற்றில் புதைந்து நின்றான். வயலில் காணாமல் போன தண்ணீரெல்லாம் அடியில் எங்கோ ஓடுகிற சத்தம் கேட்டது. மேலே சுவரிலிருந்து கட்டி கட்டியாக மண் அவன் மேல் உதிர்ந்தது. அக்கா விளிம்பில் குப்புறப் படுத்துவிட்டாள்.

"பரோத்! டேய், மேல பாருடா! நான்தான்!"

அவன் பார்த்தான். வாயைத் திறந்தான். வாய்க்குள்ளும் மண்.

"மதக மூடுங்கடா!" என்று ராயிஸ் கத்திக்கொண்டே வாய்க்காலுக்கு ஓடினார். ரைஹோன், எங்கிருந்து அந்த பலம் வந்ததோ, தன் வீட்டின் சாத்த வராத கதவைப் பெயர்த்து இழுத்து வந்தாள். அதைப் பொந்தின் மேல் பாலமாகப் போட்டோம். லாரியைக் கிட்டே கொண்டுவர அக்கா விடவில்லை. பாரத்தில் எல்லாமே உள்ளே போய்விடும். கயிற்றை மட்டும் எடுத்து வந்தேன். கதவின் மேல் தவழ்ந்து போய்ச் சுருக்குப் போட்டு இறக்கினேன். பத்துப் பதினைந்து பேர் இழுத்தோம். சேறு அவனை லேசில் விடவில்லை. கடைசியில் பூட்ஸ் இரண்டையும் வாங்கிக்கொண்டுதான் விட்டது.

உயிரோடு வந்தான். தரையில் கிடத்தியதும், நாலு காலில் தவழ்ந்து லாரியின் பின்தட்டில் ஏறிச் சுருண்டுகொண்டான். பேச்சு இல்லை. ரைஹோன் முகத்தைக் கழுவினாள், கூப்பிட்டாள், உலுக்கினாள். வெறித்த கண் வெறித்தபடி இருந்தது.

அப்புறம் அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். "மண்ணத் தின்னு பாத்துச் சொன்னீங்களே நாத்தனாரு! அந்த மண்ணு எங்களத் தின்னும்னு அப்பச் சொல்லலியே?"

ராயிஸ் ரைஹோனை அடக்கப் போனார். அக்கா கையைக் காட்டித் தடுத்தாள். சரிந்த வீடுகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மனித உயிர் எதுவும் போகவில்லை என்று தெரிய வந்தது. ஒரு மாடும் கன்றும் கொட்டகையோடு போயின. இருபது குடும்பங்கள் அன்று மாலைக்குள் கூரை இழந்தன. பரோத் இறங்க மறுத்ததால் அவனைப் பின்தட்டில் வைத்தபடியே நானும் அக்காவும் புறப்பட்டோம்.

"முதல் தரம்னு எழுதினேன் துர்தி" என்றாள் வண்டியில். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஒண்ணும் பொய்யா எழுதலயே. எல்லாமே சரியாத்தானே பாத்தேன்?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நேரே ஃபைனாவிடம் வண்டியை விடச் சொன்னாள்.

ஃபைனா செய்தி கேட்டு, சிகரெட்டைப் பற்றவைக்க மறந்து நின்றாள். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: "உன் ஒரு சாண் மழை எவ்வளவு ஆழம் நனைக்கும்?"

"ரொம்ப நல்ல வருஷம்னா முழங்கையளவு. அதுக்குக் கீழ இறங்கறதுக்குள்ள வெயிலு உறிஞ்சிடும்."

"அப்ப அதுக்குக் கீழ?"

"கீழ என்ன? காத்து கொண்டாந்து போட்ட நாள்ல இருந்து காய்ஞ்சேதான் கெடக்கு."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். மழை எத்தனை அளவென்று அவளுக்கு எப்போதும் தெரியும். மண் எத்தனை ஆழமென்றும் தெரியும். இரண்டையும் அருகருகே எழுதியும் இருந்தாள். பனைமர ஆழத்துக்குத் தண்ணீரே படாத ஒரு பொருள் அது என்பது மட்டும் அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாளே குழி வெட்ட ஆள் கூட்டி வந்தேன். தண்ணீர் பாயாத பகுதியில், ஆட்டுக்காரர்களின் ஒரு தட்டுக்குள்ளே ஒரு குழி. அதற்கு வெளியே கொஞ்சம் தள்ளி மேட்டில் இன்னொரு குழி. நிறம் ஒன்று. சுண்ணாம்பு ஒன்று. நாக்குக்கும் ஒன்றே. மேட்டுக் குழியிலிருந்து கைக்கடங்கும் ஒரு கட்டியை வெட்டி எடுத்து உள்ளங்கையில் வைத்தாள்.

"டீ கெட்டில எடு."

ஆறிப்போன தேநீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். கட்டி கொஞ்சம் குடித்தது. அப்புறம், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சர்க்கரைக் கட்டி போல அப்படியே உட்கார்ந்துவிட்டது. ரொட்டி ஓட்டைகளெல்லாம் மூடி, பாதி உயரம் ஆகிவிட்டது. தட்டுக்குள் எடுத்த கட்டியில் ஊற்றினாள். அது ஈரமானது, அசையவில்லை.

"தட்டு தட்டா குழிஞ்சிருக்குன்னு வட்டம் போட்டேனே" என்றாள். "குழிஞ்ச இடமில்ல துர்தி. உக்காந்த இடம். பனித்தண்ணி தேங்கித் தேங்கி அங்கெல்லாம் முன்னாடியே உக்காந்துருச்சு. மத்ததெல்லாம் தண்ணிக்காகக் காத்துட்டு நின்னிருக்கு. நான் அது மேல வீடு கட்டச் சொல்லியிருக்கேன்."

உள்ளங்கையில் இருந்த சேற்றை அவள் வெகுநேரம் துடைக்கவே இல்லை.

நகரத்திலிருந்து விசாரணைக்கு ஒரு குழு வந்தது. வாய்க்கால் கசிவு என்றார் ஒருவர்; அதிகம் பாய்ச்சிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். தண்ணீர் பாய்ச்சியவன் வாய் பேசாமல் கிடப்பதால் அவன் தலையில் கட்டுவது சுலபமாக இருந்தது. அக்கா எழுந்து நின்று, "பரோத் நான் சொன்னதத்தான் செஞ்சான். தரம் போட்டது நான். இந்த மண்ண காய்ஞ்சபடி பாத்து எழுதிட்டேன், நனைச்சுப் பாக்கல. வேற யாரும் நனைச்சுப் பாக்கலதான். ஆனா எழுதினது நான்" என்று சொல்லி, இரண்டு கட்டிகளையும் மேசை மேல் வைத்துக் கெட்டிலைச் சரித்தாள். தேநீர் குழுத்தலைவரின் மடிவரை ஓடியது. அவர் அதைக்கூடக் கவனிக்காமல் கட்டி உட்காருவதையே பார்த்தார்.

வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தோம். எடுக்கவில்லை, கண்டித்து விட்டார்கள். புதிய குடியிருப்புக்கு இடம் பார்க்கச் சொன்னதும் அவளைத்தான். அவள் கேட்டது பைத்தியக்காரத்தனமாக இருந்தது. முதலில் அந்த நிலத்தைச் சுற்றிக் கரை கட்டி, ஒரு கோடை முழுக்கத் தண்ணீரில் மூழ்கடிக்க வேண்டும். உட்காருகிற வரைக்கும் உட்காரட்டும். அப்புறம்தான் ஒரு கல் வைக்க வேண்டும்.

ராயிஸ் தலையில் கை வைத்தார். "அம்மா, சனம் கூடாரத்துல கெடக்கு. நீ நெலத்துக்குக் குளிப்பாட்டு நடத்தணுங்கிறியே."

"மாமா, இது உக்காரணும். நாம மேல இருக்கும்போது உக்காரணுமா, இல்லாதப்ப உக்காரணுமா? நீங்களே சொல்லுங்க."

தண்ணீர் விட்டார்கள். நட்டு வைத்த அளவுக் கம்பங்கள் நாளுக்கு நாள் இறங்கின. கரையில் சனங்கள் வந்து நின்று பார்ப்பார்கள். நல்ல திடமான தரை, தாங்கள் நேற்று நடந்துபோன தரை, படிப்படியாக விண்டு விண்டு ஓர் ஆள் உயரம் கீழே போனது. ராயிஸ் ஒருநாள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், சாவு வீட்டில் நிற்பது போல. தண்ணீரை வடித்து, காயவிட்டு, அதன் மேல் கட்டிய வீடுகள் இன்றைக்கும் நிற்கின்றன. அதில் ஒன்றில்தான் நான் இருக்கிறேன். என் வீட்டுக் கதவு நன்றாகச் சாத்துகிறது.

பரோத் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. விசாரணைக் குழு வந்து போனதுமே அவனையும் ரைஹோனையும் பிள்ளைகளையும் மலைக்குக் கொண்டுபோய் விட்டேன். அக்காவும் கூட வந்தாள். அதுவரை அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. சமவெளி முடிந்து, ஆற்றோரப் பாதையில் சக்கரத்துக்கடியில் கல் நொறுங்குகிற சத்தம் கேட்டதும் லாரியின் பின்தட்டிலிருந்து தட்டினான்.

"நிறுத்து."

நிறுத்தினேன். இறங்கினான். ஒரு பாறை மேல் ஏறி, வெறுங்காலால் ஓங்கி உதைத்தான். மறுபடி உதைத்தான். நொண்டிக்கொண்டே அக்காவிடம் வந்து, "அக்கா, வலிக்குது" என்றான். சின்னப் பிள்ளை சொல்வது போல. அப்போதுதான் அவள் அழுதாள். ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, அத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் அழுது தீர்த்தாள். ரைஹோன் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அதன் பிறகு அக்கா பல வருஷம் மண் அளந்தாள். எங்கே குழி வெட்டினாலும், எழுதுவதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பாள். சுவரில் இருந்த வரைபடத்தைக் கழற்றவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "நிறம் நல்லாருக்குடா" என்றாள்.

அவள் மகளுக்குக் கல்யாணம் லோலாதஷ்டின் புதிய குடியிருப்பில்தான் நடந்தது. மாப்பிள்ளை ராயிஸின் பேரன். பரோத் வர மாட்டான் என்றே எல்லாரும் நினைத்தோம். வந்தான். நான்தான் போய் அழைத்து வந்தேன். ஆனால் லாரியை விட்டு இறங்க மறுத்துவிட்டான். பின்தட்டில் மெத்தை விரித்து, முழுக் கல்யாணத்துக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

"உன் புருஷன இறங்கச் சொல்லு ரைஹோன். தரையெல்லாம் நல்லா உக்காந்துருச்சு" என்று ராயிஸ் கிண்டல் செய்தார். பல்லெல்லாம் போயிருந்தது அவருக்கு.

"அவரு மேலயே இருக்கட்டும் ராயிஸ் மாமா. கீழ வந்தா ஆட்டத்துல என் கால மிதிப்பாரு" என்று சொல்லிவிட்டு ரைஹோன் பெண்கள் கூட்டத்துக்குள் போய் ஆடினாள்.

பெண்ணின் தாய் பந்தியை மேற்பார்க்க வேண்டும், அதுதான் முறை. சனோபர் அக்கா ஒரு தட்டு நிறையப் புலாவை வாங்கிக்கொண்டு, நீளமான பட்டு அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, சக்கரத்தில் கால் வைத்து லாரி மேல் ஏறினாள். அக்காவும் தம்பியும் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்டார்கள். அவன் கறித்துண்டுகளைப் பொறுக்கி அவள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தான். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை; மேளச் சத்தம் அதிகம். நடுவில் ஒருமுறை இருவரும் சிரித்தது மட்டும் தெரிந்தது.